அறைகளின் எண்ணிக்கை

படிவத்தில் ஏழாவது கேள்வி:
வீட்டில் எத்தனை அறைகள்?

பள்ளத்தூரில் பதினொரு மணிக்கே
செம்மண் காந்தத் தொடங்கியிருந்தது.
இந்தத் தெருவில் முகப்பு,
அடுத்த தெருவில் பின்கட்டுக் கதவு.
நடுவே எங்கோ எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு சொர்ணவல்லி,
இருபத்து மூன்று நாள் சிவப்பு மை.

முதல் தடவை பூமயில் சொன்னது:
பிள்ளைக்குக் காய்ச்சல்.
இரண்டாம் தடவை:
பிள்ளை அறந்தாங்கியில், அத்தை வீட்டில்.
அத்தை வீட்டுக்குப் போன பிள்ளை
துடைப்பத்தோடு தூணுக்குப் பின்னால்
மூச்சைப் பிடித்து நின்றது.
பர்மாத் தேக்கு. நன்றாகத்தான் மறைத்தது.
சடைநுனி மட்டும் வெளியே.
நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

(பள்ளியில் கேட்பார்கள்: நீங்க என்ன பாடம் டீச்சர்?
பாடம் இல்லை என்றால்,
அப்ப சம்பளம் எதுக்கு என்பான் ஆறாம் வகுப்பு ஒருவன்.
மாதக் கடைசியில் நானும் கேட்பதுண்டு.)

மூன்றாம் தடவை கோப்பை எடுத்துப்போகவில்லை.
கல்யாணச் சமையல்காரர் ஒருவருக்காகக்
கூலிக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்,
அம்மாவும் மகளும்.
நானும் உட்கார்ந்தேன்.
யார் கண் எதற்குக் கலங்கியது என்று
கணக்கு வைக்கத் தேவையில்லாத வேலை.
நாலு கிலோ முடிந்தபின்
"வாங்க, அவரைப் பாருங்க" என்றார் பூமயில்.

அடைக்கலம் சுவர் பார்த்துப் படுத்திருந்தார்.
ஆவணிக் கடைசியில், மழைக்கு முன் ஓடு மாற்ற ஏறியவர்
பழைய ஓடுகளோடு தானும் இறங்கிவிட்டார்.
இடுப்பு.
கூட்டுவது, மெழுகுவது, வௌவால் எச்சம் சுரண்டுவது,
பூட்டுக்கெல்லாம் எண்ணெய் விடுவது
இப்போது மகள்.
"எத்தனை ரூம்?" என்றேன்.
"அறுபத்திரண்டு. நாங்க இருக்கறது ஒண்ணுல."
வேலை நின்றால் அந்த ஒன்றும் போகும்.

வீட்டுக்குப் பதினாறு பங்கு.
ஒவ்வொரு பங்காக அழைத்தேன்:
சென்னை, திருச்சி, பினாங்கு,
அப்போது நள்ளிரவாக இருந்த ஏதோ ஓர் ஊர்.
எல்லோரும் மரியாதையானவர்கள்.
"அடடா" சொல்லாதவர் இல்லை.
அதன்பிறகு அதே கேள்வி:
விழுந்தது யார் பங்கு ஓட்டிலிருந்து?

மனிதன் விழும்போது
பத்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை ஐயா
என்று நாக்குநுனிவரை வந்தது.
விழுங்கினேன்.
எனக்குத் தேவை ஒரு கடிதம், வெற்றி இல்லை.

பதினோராவது பங்கு, கோயம்புத்தூர் விசாலம்,
அதைக் கேட்கவில்லை.
'ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டில் வேலை பார்க்கிறார்'
என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி
கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினார்.
பணம் பற்றி ஒன்றும் இல்லை.
அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு
நாலு அலுவலகம், இரண்டு முறை சிவகங்கை.
ஆட்டோவில் குறுக்காகப் படுத்திருந்த அடைக்கலம்
வேகத்தடைக்கு வேகத்தடை என்னைத் திட்டினார்.
படுத்தபின் அவர் வாய் திறந்தது அன்றுதானாம்.
பூமயில் முந்தானைக்குள் சிரித்தார்.

அடையாள அட்டை வந்தது. உதவித்தொகை வரும் என்கிறார்கள்.
காலை வேலைக்கு மட்டும் ஓர் ஆள் போட
மூன்று பங்குகள் சம்மதித்தன,
பதின்மூன்று யோசிக்கின்றன.

சொர்ணவல்லி வந்தாள்.
திங்கள், செவ்வாய், வியாழன்.
புதன் ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.
சத்துணவு முட்டையில் பாதியைத்
தாளில் மடித்துப் பையில் வைப்பதைப் பார்த்தேன்.
அறிக்கையில் கட்டம்:
முன்னேற்றம், ஆம் அல்லது இல்லை,
ஒன்றை மட்டும் குறிக்கவும்.
பேனாவை மூடிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை என் அறை வாசலில் நின்றாள்.
அறை என்றால், ஆய்வகத்துக்குப் பின்னால்
உடைந்த தராசுகளோடு ஒரு மேசை.
"பூட்டே இல்லையா டீச்சர்?"
"இல்ல."
கதவை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள்.
"கீல் கத்துது."

திங்கட்கிழமை தைலப் புட்டியில் எண்ணெய் கொண்டுவந்து
ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு.

இப்போது யார் உள்ளே வந்தாலும் சத்தமில்லை.
அடிக்கடி நிமிர்ந்து
பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.