எதிர்வீடு

டனீடனில் ஜூலை மாதம்
நூலகக் கண்ணாடியில் மூச்சுவிட்டால் எழுதலாம்.
'தீங்கியல் சட்டம், இரண்டாம் ஆண்டு' என்று எழுதினேன்.
முடிக்குமுன் வழிந்துவிட்டது.

முதல் வகுப்பிலேயே டகெட் அம்மையார் சொல்லியிருந்தார்:
இந்த நாட்டில்
உடற்காயத்துக்கு ஈடு கேட்டு
யாரும் யார்மீதும் வழக்குப் போட முடியாது.
ஐம்பது வருடமாய்ச் சாத்திய கதவு.
படிவம் நிரப்பினால் பணம் வரும்.
தவறு யாருடையது என்று எவரும் கேட்கமாட்டார்கள்.
"பிறகு எதற்குப் படிக்கிறோம்?"
பின்வரிசையில் ஃபெட்டுலி.
"பூட்டிய வீட்டுக்குள்ளும் அறைகள் உண்டு" என்றார்,
சிரிக்காமல்.

அறை அறையாய் நுழைந்தேன்.
ஒன்றில், பாட்டிலுக்குள் அழுகிய நத்தை.
ஒன்றில், முட்டையோடு போல் மண்டை கொண்டவன்:
லேசாய்த் தட்டியவனுக்கும் முழுப் பொறுப்பு.
இன்னொன்றில் அந்த நியாயமான மனிதன்,
தீர்ப்புக்குத் தீர்ப்பு வந்து நிற்பவன்.
தூக்கம் கெட்டதில்லை அவனுக்கு, கடனில்லை,
யாரும் அவனிடம் கடிகாரத்தைக் காட்டி அதட்டியதில்லை.
அவனோடு பாதி வருடம் மல்லுக்கட்டினேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு:
அது நடந்திராவிட்டால்
இது நடந்திருக்குமா?
எங்கள் வீட்டில் இந்த வாக்கியத்தை
ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்பா இறைச்சி ஆலையில் ரம்பத்தடியில் நின்றவர்.
எனக்கு ஒன்பது வயது. ஆட்டுக்குட்டிகள் வந்து குவியும் நவம்பர்.
இடதுகையில் இரண்டு விரல், ஒன்று மோதிரத்தோடு.
'எப்படி நேர்ந்தது' என்று கேட்ட கட்டம்
தீப்பெட்டி அளவுதான்.
அம்மா அதில் 'ரம்பம்' என்று எழுதினாள்.
பொய்யில்லை.
பணம் வந்தது, வாரம் தவறாமல்.
கூரைக்குச் சாயம் அடித்தோம்.

ரம்பத்தின் காப்புத் தகட்டை
வேகம் போதவில்லையென்று அன்று காலை கழற்றச் சொன்னவர்
ஃபோர்மன் கொலின் ரட்லெட்ஜ்.
ஆலை முழுக்கப் பேசியது இதை.
நாங்கள் பேசவில்லை.
அவர் எங்கள் எதிர்வீடு.

அந்த டிசம்பரில் ஒரு சனிக்கிழமை
புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார்.
எங்கள் முற்றத்துப் புல்லை வெட்டினார். போய்விட்டார்.
அடுத்த சனியும்.
அதற்கடுத்த சனியும்.
பதினோரு கோடை.

அப்பா தேநீரோடு ஜன்னலில் நிற்பார்.
வெளியே போனதில்லை.
திரையை இழுத்துவிட்டதுமில்லை.

ஆகஸ்ட் தேர்வில் ஒரு கேள்வி:
சட்டத்தின் கண்ணில் என் அயலார் யார்?
ஆறு பக்கம் எழுதினேன்.
என் செய்கை யாரைத் தொடுமென்று
நான் முன்பே எண்ணியிருக்க வேண்டுமோ, அவர்.
எங்கள் சாலையின் அகலத்தை எழுதவில்லை.
நல்ல மதிப்பெண் வந்தது.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது
புல் ஈரமாய் எழும்பியிருந்தது.
பருவத்தின் முதல் வெட்டு. சனிக்கிழமை.
சத்தம் கேட்டு வெளியே போனேன்,
கடமை, மீறல், காரணம் என்று
மூன்று சொல்லை வாய்க்குள் அடுக்கிக்கொண்டு.
என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை அணைத்தார்.
கழுத்துத் தோல் தளர்ந்திருந்தது.
கைப்பிடியை விட்டபிறகும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"படிப்பு எப்படிப் போகிறது?"
"போகிறது."
"இந்த வருடம் என்ன படிக்கிறாய்?"

சொல்லியிருக்கலாம்.
"ஒப்பந்தச் சட்டம்" என்றேன்.

தலையாட்டினார். கயிற்றை இழுத்தார்.
மூன்றாவது இழுப்பில்தான் பிடித்தது.

வேலியோரம், எப்போதும் போல,
ஒரு சாண் அகலத்துக்கு வெட்டாமல் விட்டுப் போனார்.
கண் மங்கலோ என்னவோ.
எங்களிடமும் ஒரு புல்வெட்டி கொட்டகையில் இருக்கிறது.
அப்பா அந்த ஒரு சாணைத் தொடுவதில்லை.