புள்ளிக் கணக்கு

தேவகோட்டை வீட்டை விற்க
முப்பத்தொரு கையெழுத்து வேண்டும்.
என்னுடையது இருபத்தேழாவது.
வக்கீல் குமாஸ்தா இன்னும் வரவில்லை.

இரண்டாம் கட்டுச் சுவரில்
பையிலிருந்த அமிலக் குப்பியைத் திறந்து
ஒரு சொட்டு விட்டேன். தொழில் பழக்கம்.
சுர்ரென்றது.
நூறு வருஷம் முகம் காட்டிய பளபளப்பு
நுரைத்து, மிளகளவு இல்லாமல் போனது.
"ஏன் ஆச்சி, விலையைக் குறைக்கவா வந்தீக?"
என்றான் தேனப்பன்.

தொண்டியிலிருந்து வண்டி வண்டியாய் வந்த
கிளிஞ்சல் அது. சுட்டு, அரைத்து,
முட்டை வெள்ளைக்கருவில் குழைத்தது.
எத்தனை முட்டை என்று பேரேட்டில் இருக்கும்.
எத்தனை குஞ்சு என்று இருக்காது.

ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்
வடக்கே மலை வெடிக்கவில்லை, தரை பிளந்து
ஒழுகியது. ஆறும். மறுபடி ஒழுகும்.
நாசிக் பக்கம் ரயிலில் போனால் தெரியும்,
யாரும் ஏறாத கரும்படிகள்.
இந்தப் பக்கம் குழம்பு வரவில்லை.
காற்று வந்தது.
கந்தகம் மழையில் இறங்கியிருக்கும்.
கடல் புளித்திருக்கும்.
கிளிஞ்சல் தன் வீட்டைக் கட்டக் கட்ட
கரைந்துகொண்டே இருந்திருக்கும்.

கூடத்தில் சத்தம்.
இந்த வீடு எப்படி நொடித்தது?
"ரங்கூன்ல விழுந்த குண்டு. ஒரே நாள்ல போச்சு."
"ஒரு நாள்லயும் போகலை,"
கண்ணாத்தாள் கையை ஓங்கினாள்.
"ஓட்டு ஒழுக்கு. நாப்பது வருஷம்
சட்டி வச்சு ஏந்துனீக, ஓடு மாத்துனீகளா?"

எங்கள் மாநாட்டிலும் இதே சண்டைதான்:
வானத்திலிருந்து விழுந்த கல்லா
அடியிலிருந்து கசிந்த நெருப்பா.
என் கட்டுரையின் கடைசி வரியில்
'காரணம்' என்பதற்கு முன்னால்
'சாத்தியமான' என்று போட்டு,
அடித்து,
மறுபடி போட்டிருக்கிறேன்.

குமாஸ்தா வந்து பெயர்களைப் படித்தார்.
கோயில் கணக்கில் எங்களுக்குத் தலை கிடையாது, புள்ளிதான்.
கல்யாணமானால் ஒரு புள்ளி,
துணை போய்விட்டால் அரை.
நான் அரை.

சைபீரியா பிளந்தபோது
கடலில் பத்துக்கு ஒன்பது இனம் போயிற்று என்கிறார்கள்.
மீந்த ஒன்றை
முழுப் புள்ளி என்று எந்தக் கணக்கப்பிள்ளை எழுதுவான்?
அதுவும் துணையைப் பறிகொடுத்ததுதானே.

கையெழுத்துப் போட்டேன். மை கொஞ்சம் கசிந்தது.
கிளம்பும்போது சுவரைத் தேடினேன்.
தேனப்பன் அதற்குள்
அந்த இடத்தில்
நகைக்கடைக் காலண்டரை மாட்டியிருந்தான்.
போன வருஷத்தது.