இலை வழி

தேவிகுளம் கடைத்தெருவில்
டிசம்பர் பத்துக்கு மேல்
கத்தரிக்கோல் விரலில் ஒட்டும்.
இந்தக் குளிரில்தான்
என் சலூன் வாசலில்
பெயிண்ட் டப்பாவில் ஒரு செம்பருத்தி.

உடுமலைப்பேட்டை நர்சரியில் வாங்கியது.
மஞ்சள் இதழ், நடுவில் ரத்தச் சிவப்பு.
வெயிலில் பிறந்த செடி.
மறையூர் தாண்டியதும்
பஸ்ஸிலேயே இரண்டு மொட்டு உதிர்த்தது.

பேக்கரி பென்னிச்சன்
‘செம்பரத்தி’ என்று என்னைத் திருத்துவார்.
பெயரில்தான் தகராறு.
பிழைக்காது என்பதில்
தெருவே ஒற்றுமை.

மார்கழி இறங்கியது.
இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாய் நின்றது.
உரம் போட்டேன்.
மண்ணின் மேல் உப்புப் பூத்தது,
செடி தொடவில்லை.

கிருஷி பவன் ஷைனி மேடம்
மகனுக்கு முடி வெட்ட வந்த அன்று சொன்னார்:
குளிரில் வேர் சாப்பிடாது,
தட்டில் வைத்தது வைத்தபடியே இருக்கும்.
இலைக்குக் கொடு.
வாய் எல்லாம் அடிப்பக்கம்.
லிட்டருக்கு ஒரு கிராம் பத்தொன்பது-பத்தொன்பது,
பேதி உப்பு ஒரு சிட்டிகை,
ஒட்டிப் பிடிக்க ஷாம்பு ஒரு சொட்டு.
பனி உலர்ந்த பிறகு, வெயில் சுடுவதற்கு முன்.

அந்த இடைவெளி
எங்கள் தெருவில் முக்கால் மணி நேரம்.

தெளிப்பானுக்கு எங்கே போக?
இருபத்தாறு வருடமாக
என் இடது கையில் இருப்பது அதுதான்.
காதை மடக்கிப் பின்முடி ஒதுக்குவதுபோல்
ஒவ்வோர் இலையாக மடக்கி
புகை மாதிரி அடித்தேன்.
சொட்டக் கூடாது.
சொட்டினால் வீண்.

இரண்டு பாட்டிலும் நீலம்.
அதனால்தான்
மேல் டிவிஷன் சூப்பர்வைசர் எபனேசர் சார் தலையில்
ஒரு வியாழக்கிழமை
செடிச் சாப்பாடு விழுந்தது.
“என்னடா, தண்ணி வழுவழுங்குது?”
அடியில் கலங்கல் தெரிந்தது.
நான் சொல்லவில்லை.
இருமுறை அலசிவிட்டேன், காசு வாங்கவில்லை.
அதிலிருந்துதான் அவருக்குச் சந்தேகம்.

மறுநாள் பாட்டில் கழுத்தில்
சிவப்பு நூல் கட்டினேன்.

ராத்திரி கடை சாத்துமுன்
டப்பாவை உள்ளே தூக்கி
வெந்நீர் பாய்லர் பக்கம் வைத்து
முடிவெட்டும் துணியை அதற்குப் போர்த்தி
பின்னால் முடிச்சுப் போடுவேன்.
அன்றைய கடைசி ஆள்.

ஜனவரியில் ஒரு விடியல்
புல்லெல்லாம் கல்லுப்பு கொட்டினதுபோல் கிடந்தது.
டூரிஸ்ட் பையன்கள் கார் கண்ணாடிப் பனியை
ஏடிஎம் கார்டால் சுரண்டிப் படம் பிடித்தார்கள்.
நான் துணியை விலக்கிப் பார்த்தேன்.
கிளை நுனியில் மிளகளவு ஒன்று.
பத்து நாளில் ஏலக்காய்.
பிறகு பதினெட்டு நாளும் ஏலக்காயாகவே நின்றது.
எத்தனையோ முறை தொடப்போய்
கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை. கடை லீவு.
தெளிக்க மட்டும் வந்தவன்
ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து நுழைந்தால்
அவிழ்ந்திருக்கிறது.
ஒரு நாள் ஆயுள்.
வாரத்தில் ஆளே வராத
அந்த ஒரு நாளைப் பார்த்துப் பிடித்திருக்கிறது.

ஆட்கள் உட்காரும் நாற்காலியில்
முதல்முறையாகச் சாய்ந்தேன்.
முன் கண்ணாடியில் பூ.
பின் கண்ணாடியில் அதன் முதுகு.
அதற்குள் ஒன்று, அதற்குள் ஒன்று என
ரசம் போன மூலை வரைக்கும்
சிறுத்துக்கொண்டே போகிற வரிசை.
எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

யாரோ ஷட்டரைத் தட்டினார்கள்.
“லீவு சார்.”
எபனேசர் குனிந்து எட்டிப் பார்த்தார்,
பூவை, பாட்டிலை,
சிவப்பு நூலை.
குரங்குக் குல்லாயைக் கழற்றி
வழுக்கையை மெதுவாக ஒருமுறை தடவினார்.
“அன்னைக்கு நீ காசு வாங்காதது
இதுக்குத்தானா?”

வாசல்படியில் வெயில் ஏறியிருந்தது.
முக்கால் மணி நேரம்
ஓடத் தொடங்கிவிட்டது.
நான் பாட்டிலைக் குலுக்கினேன்.