இதர

பொகவந்தலாவையில் முதல் நாள்
கொப்பியில் எழுதியது:
மழை. பேக்கரி. மழை.
இரண்டாம் நாள் மழையை வெட்டிவிட்டேன்.
மேடையில் அதை எப்படிக் காட்டுவது.

நாடகம் எழுத ஊர் பார்க்க வந்திருக்கிறா என்று
லொட்ஜ்காரர் பஸ் ஸ்டாண்டில் சொல்லிவிட்டார்.
அதன்பிறகு ஒருவரும்
என்னோடு சும்மா பேசவில்லை.

வடை சுடும் கமலவேணி
அடுப்பை விட்டு உள்ளே போய்
தலை வாரிக்கொண்டு வந்து நின்றாள்.
"இப்பக் கேளுங்க மிஸ்."
பின்னால் எண்ணெய் கருகிக்கொண்டிருந்தது.

சலூன் டிலுக்சன்
தன் காதலை மூன்று விதமாய்ச் சொன்னான்.
மூன்றாவதில் அவள் ரயிலேறிப் போய்விட்டாள்.
இந்த ஊருக்கு ரயிலே வராதே என்றேன்.
"நாடகத்துக்கு ரயில் வேணும்ல" என்றான்,
கத்தரிக்கோலைத் துடைத்தபடி.

ஆட்டோ றிஸ்வான் மீட்டரைப் போட்டுவிட்டுத்தான்
வாப்பாவைப் பற்றித் தொடங்கினான்.
பாதியில் நின்றது கதை. மீட்டர் நிற்கவில்லை.
அவன் பேசாமல் ஆற்றைப் பார்த்திருந்த நேரத்துக்கும் சேர்த்து
முந்நூற்று இருபது ரூபாய்.
அந்த வாடகைதான்
இந்தப் பயணத்தில் நான் கொடுத்த நியாயமான காசு.

"கதைப்பமா?" என்று கேட்கும்போதெல்லாம்
யாரோ ஒருவர் சிரித்தார்.
வவுனியாவில் அது வெறும் பேச்சு.
இங்கே கதைக்கிறவள்
கதை விடுகிறவள்.

அடைவுகடை செபஸ்தியான் மட்டும் நிமிரவில்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்,
ஒரு தராசு, உரைகல்,
பல்ப் எரியும் மாதா படம்.
இந்த ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது என்று
இழுத்தேன்.
"ஜனவரில வரும்.
தீவாளிக்கு முன்னால போகும்."
என்ன வரும்?
"தோடு."

இது போதும், இவர்தான் என் நாடகம் என்று
மூன்று காலைகள் அந்தப் பெஞ்சில் இருந்தேன்.
பேர் ஒன்றும் சொல்லவில்லை அவர்.
பேரேட்டைக் கையால் மறைத்துத்தான் எழுதினார்.
மூன்றாம் நாள், எழுதிக்கொண்டே:
"மிஸ் அதுல இருந்தா
ஆளுங்க திரும்பிப் போறாங்க."

அப்போதுதான் கண்டேன்.
ஒரு கறுப்புக் குடை
வாசல்வரை வந்தது,
என்னைப் பார்த்தது,
பக்கத்துக் கடையில் தீப்பெட்டி விலை கேட்டுவிட்டு
மேட்டில் ஏறிப் போனது.
எந்தப் பிள்ளையின் எந்தப் பீஸோ.
எனக்கு முதுகு சுட்டது.
கொப்பியை மூடினேன்.
எழுந்தேன் என்று சொல்லத்தான் ஆசை.
இன்னொரு பிளேன்டீ குடிக்கும்வரை இருந்தேன்.

ஒன்பதாம் நாள் லொட்ஜ் கணக்கு வந்தது.
பேங்க் மெஷின் கார்டை விழுங்கியது.
அடைவுகடை வாசலில் இரண்டு பேர் நின்றார்கள்.
நான் பக்கத்துக் கடைக்குப் போனேன்.
தீப்பெட்டி என்ன விலை?

ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போய்
காப்பைக் கழற்றினேன். சவர்க்காரம் கேட்டது விரல்.
கல்லில் உரசினார். நிறுத்தார்.
அடையாள அட்டை. விலாசம்.
"காரணம்?"
படிப்பு, வைத்தியம், கலியாணம், சாவு
என்று அச்சடித்த கட்டங்கள்.
நாடகம் என்றேன்.
அன்றுதான் நிமிர்ந்து பார்த்தார்.
பார்த்த கண்ணில் கேலி இல்லை, இரக்கமும் இல்லை;
என்ன இருந்தது என்று எழுத
இன்றுவரை வரவில்லை.
பேனையை ஒருமுறை உதறி
கடைசிக் கட்டத்தில் எழுதினார்:
இதர.

ஹட்டன் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.
மழை பிடித்துவிட்டது.
கமலவேணி ஓடிவந்து
ஜன்னலுக்குள் ஒரு வடைப் பார்சலைத் திணித்தாள்.
கையெல்லாம் மாவு, தலை கலைந்து கிடந்தது.
என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள்.
"எத்தன பவுனு?"