நாற்பத்தொன்றில் முடியும் எண்

கடைசியாக நினைவிருக்கும் பாஸ்வேர்டு எது என்று
கேட்கிறது.
ஓசூர் கம்பெனி டோக்கன் எண், ஹாஸ்டல் அறை,
இ-சேவை மையத்துப் பையன் வேறு பக்கம் திரும்பியபோது
ஒருத்தன் பெயரைக்கூடப் போட்டுப் பார்த்தேன்.
அதுவும் இல்லையாம்.

நாலு வருஷத்துப் பி.எஃப். பணத்துக்குச் சாவி
பழைய மெயிலில்.
மெயிலுக்குச் சாவி
நாற்பத்தொன்றில் முடியும் செல் நம்பரில்.
கல்யாணமான புதிதில்
வீட்டுக்கு ஒரு போன் போதாதா என்றார்கள்.
போதும் என்றுதான் நானும் சொன்னேன்.
ரீசார்ஜ் செய்யாத சிம்
எந்த மாதம் செத்தது என்றுகூடத் தெரியாது.

"அந்த நம்பருக்கே போட்டுப் பாருங்கக்கா."
வீட்டுக்காரர் போனிலிருந்து
என் நம்பருக்கு நானே போட்டேன்.
மணி அடித்தது.
அடித்துக்கொண்டே இருந்தது.
நானே எடுத்துவிடுவேனோ என்று
ஒரு நொடி பயம்.

எடுத்தவர் முனிராஜ், வேப்பனப்பள்ளிக்காரர்.
ராயக்கோட்டை மண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தார்.
நான் பாதி சொல்வதற்குள்
"சுகுணா மேடமா?" என்றார்.

ஒன்பது வருஷமாக
நகைக்கடைக்காரன் என் பிறந்தநாளுக்கு
அவரை வாழ்த்துகிறான்.
என் பாலிசி காலாவதியானது அவருக்குத் தெரியும்.
"ஒரு பொண்ணு ரெண்டு வாட்டி கூப்பிட்டுச்சு மேடம்,
ஆம்பளக் குரல் கேட்டு வெச்சிடுச்சு.
மூணாவது வாட்டி, சுகுணா நல்லா இருக்காளான்னு
அது மட்டும் கேட்டுச்சு.
இருக்காங்கன்னு சொல்லிட்டேன்.
தப்பா?"

பையன் கடிகாரத்தைக் காட்டினான்.
எண் போய்ச் சேர்ந்துவிட்டது.
"யாரிடமும் பகிர வேண்டாம்னு போட்டிருக்கே, சொல்லவா?"
சொல்லுங்க என்றேன்.
கிரேடு எண்ணிய வாயால்
அப்படியே தெலுங்கில் வந்தது:
தொம்மிதி, ஏடு, சுன்னா,
மூடு, மூடு,
லாரி ஹாரன்,
எனிமிதி.
ஒன்றுகூடத் தப்பாமல் தட்டினேன்.
ஓசூரில் பக்கத்து மிஷின் கங்கம்மா
ஷிப்ட் முழுக்க
இப்படித்தான் பீஸ் எண்ணுவாள்.

திறந்தது.
படிக்காதவை ஆறாயிரத்துச் சொச்சம்.
பி.எஃப். என்று தேட வேண்டிய இடத்தில்
கங்கம்மா என்று அடித்தேன்.
எதுவும் கிடைக்கவில்லை.
அவளுக்கு ஏது மெயில்.

"பழைய எண்ணை எடுத்துடலாமா, புது எண் என்ன?"
என்றான் பையன்.
கையிலிருந்த போனைப் பார்த்தேன்.
அதே நேரம் அது அடித்தது.
முனிராஜ்தான்.
"ஒண்ணு கேக்க மறந்துட்டேன்.
அந்தப் பொண்ணு மறுபடி கூப்பிட்டா
எந்த நம்பர் குடுக்கட்டும்?"

சாயங்காலம் சொல்கிறேன் என்றேன்.
ரவுண்டானா ஓரம்
மாம்பழ வண்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே
குடை விரித்து சிம் விற்கிறான் ஒருவன்.
ஆதார் இருக்கா என்றான்.
இருக்கு.
யார் பேருல?
என் பேருல.