மடையன்

அக்கா மகள் பிளஸ் டூவில் வாங்கிய
அரசாங்க மடிக்கணினி.
திரையில் விரிசல், எஃப் எழுத்து இல்லை.
பரணில், பித்தளை அண்டாவுக்கும்
கழற்றிய ஃபேன் இறக்கைக்கும் நடுவே
படுக்க வைத்தேன்.
லினக்ஸ் ஏற்ற மூன்று ஞாயிறு போனது.

முதலில் பெயர் கேட்டது.
மடையன் என்று அடித்தேன்.
மடை திறந்து மடை அடைப்பவனுக்கு
ஒரு காலத்தில் அதுதான் பெயர் என்பார்கள்,
திட்டாக எப்போது மாறியதோ.
தையல்நாயகி எட்டிப் பார்த்து
"யாருக்கு வச்சீங்க?" என்றாள்.

பகலெல்லாம் ஊரார் மீட்டர் படிப்பவன் நான்,
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே
நாய் உள்ள வீடு, நாய் இல்லாத வீடு என்று
தெருவை இரண்டாய்ப் பிரித்துக்கொண்டு.
இரவில் என் வீட்டைப் படித்தேன்.

தொட்டி நிறைந்தால் மோட்டார் நிற்க வேண்டும்.
வோல்டேஜ் நூற்றெழுபதுக்குக் கீழே போனால்
ஃபிரிட்ஜ் மூச்சை அடக்க வேண்டும்.
ஆறேகாலுக்கு வாசல் விளக்கு;
ஐப்பசி மூட்டத்தில் ஐந்தரைக்கே இருட்டும்,
அதற்கென்று தனியே ஒரு வரி.
சென்சார் மேல் பல்லி ஏறியதில்
நடுச்சாமம் கூடமெல்லாம் கல்யாண வீடாயிற்று.
பல்லி விழும் பலன் பார்த்தேன்,
பஞ்சாங்கத்தில் இது இல்லை.

கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால்,
கோரையாற்றுக் கிளையின் கிளை.
அப்பால் அலையாத்திக் காடு, கடல்.
மேட்டூர் திறந்த செய்தி பேப்பரில் வந்து
பதினைந்து இருபது நாள் போனால்தான்
எங்கள் மதகடியில் ஈரம். கடைமடை.
வைஃபைக்கும் அது கடைமடைதான்,
கிணற்றடியோடு செத்துவிடும்.
நாற்பது மீட்டர் ஒயர் இழுத்து
ஒரு மிதவை கட்டினேன்.
தண்ணீர் தூக்கினால் மடையன் என் போனைத் தட்டுவான்.
முதல் வாரமே இரண்டு தடவை தட்டினான்.
ஒன்று ஆட்டுக்குட்டி.
இன்னொன்று பந்து தேடி இறங்கிய பையன்.

ஒரு ஞாயிறு பதிவுகளைப் புரட்டினேன்.
அடுப்படி, அசைவு, இரண்டு நாற்பது.
அடுப்படி, அசைவு, இரண்டு முப்பத்தெட்டு.
வைகாசி முழுக்க, ஓரிரு நாள் தவிர.
பக்கத்தில் படுத்துக் கிடந்தவன்
ஒருநாளும் அறியவில்லை.
கேட்டிருக்கலாம்.
விதி எழுதினேன்:
இரண்டரைக்கு மேல் அசைவு என்றால்
அடுப்படி விளக்கு, மஞ்சள், இருபது சதம், மெதுவாக.
அன்றிரவு பதிவில் ஒரே வரி.
அப்புறம் ஒன்றுமே இல்லை.
தூங்குகிறாள் என்று மகிழ்ந்துபோனேன்.

ஆனி பதினெட்டோ பத்தொன்பதோ.
ஃபேன் நின்ற புழுக்கத்தில் விழித்தேன்.
இன்வர்ட்டர் மடையனுக்கு மட்டும்தான்,
நான் வைத்த வரிசை அது.
பக்கம் காலி. கொல்லைக் கதவு ஒருக்களித்திருந்தது.
வாய்க்கால் படியில்
கால் தொங்க உட்கார்ந்திருந்தாள்,
எந்த அலையும் எட்டாத இடம்,
அளந்து பிடித்ததுபோல.
"வெளிச்சம் வேண்டாம்" என்றாள்.
டார்ச்சைச் சொன்னாள். டார்ச்சை மட்டுமல்ல.
அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
ஏன் என்று கேட்டேன்.
சும்மாதான் என்றாள்.

கொசு. எங்கோ ஒரு லாரி.
"தண்ணி வருது."
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு மதகுக்கு வடக்கே
சருகு நகரும் சத்தம்.
நுரை, தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு,
இத்தனையையும் முன்னால் தள்ளிவிட்டுத்
தயங்கித் தயங்கி வந்து
அவள் பெருவிரலைத் தொட்டது.

மடையன் தட்டினான், பதினோரு நிமிடம் கழித்து.
மிதவையைச் சுற்றி ஆகாயத்தாமரை.
பதிவில் அவன் சொன்ன நேரம்தான் இருக்கிறது,
மூன்று பத்து.
திருத்தவில்லை.
அடுப்படி விதியை மட்டும் எடுத்துவிட்டேன்.

கொல்லைக்கென்று வாங்கிய ரிப்பீட்டர்
பீரோ மேல் பிரிக்காமல் கிடக்கிறது.
என்ன பெட்டி அது என்றாள் நேற்று.
சும்மாதான் என்றேன்.