மண்ணிலிருந்து கல்லுக்கு

ஒடீல் ஷ்வெண்டெமான், வயது அறுபத்தொன்று.
ஸ்ட்ராஸ்பூர்கில் டிராம் ஓட்டுகிறவர்.
கைவிரல் நகச்சாயத்தை நேற்றிரவு நான்தான் துடைத்தேன்.
கால்விரலை விட்டுவிடுங்களேன் என்றார்,
அதை யார் பார்க்கப்போகிறார்கள்.

நான் பார்க்கிறேன். பச்சைத் துணி விலகும்போதெல்லாம்
ஆரஞ்சு நிறத்தில் ஐந்து நகம்.

எட்டு மாத மருந்துக்குப் பிறகும்
கணையத்துப் புற்று பிடியை விடவில்லை.
கல்லீரலுக்குப் போகும் தமனியை,
கம்பியில் ஏறிய திராட்சைக் கொடியின் சுருள்போல,
சுற்றி இறுகியிருந்தது.
உரிக்க முடியாது, வெட்டத்தான் வேண்டும்
என்றார் ஓபெர்லே, யாரிடமென்று இல்லாமல்.

வெட்டிய இரு முனைக்கும் நடுவே
ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு ஒன்றுமில்லை.
காலிலிருந்து ஒரு துண்டு இரவல் வாங்கலாமா?
வேண்டாம். மண்ணீரல் எப்படியும் போகிறது.
அதற்கென்று ஓடிய தமனி,
வளைந்து வளைந்து, தேவைக்கு மேல் நீளமாய்,
வேலை போனது தெரியாமல்
இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது.
அதைத் திருப்பினார்.
மண்ணுக்குப் போன ரத்தம்
இனி கல்லுக்கு.

கிளாம்ப், மணி நான்கு நாற்பத்தொன்று.
நான் நீட்டும் நூல் என் கண்ணுக்கே தெரியவில்லை.
ஊசியின் மினுக்கலை நம்பி நீட்டுகிறேன்.
பதினான்கு தையல்.
திறந்து, டாப்ளர் குச்சியை வைத்தார்.

ஒன்றுமில்லை.
யாருடைய வயிறோ பசியில் உருண்டது,
அது மட்டும் கேட்டது.

தமனி முறுக்கிக்கொண்டிருந்தது,
தோட்டத்து ரப்பர் குழாய்போல.
ஓபெர்லே யாரையும் திட்டவில்லை. அதுதான் பயம்.
பதினான்கையும் வெட்டினார்.
கால் சுற்று பின்னுக்குத் திருப்பி
மறுபடி கை நீட்டினார், நூலுக்கு.

இரண்டாம் முறை நேரம் குறிக்க மறந்தேன்.
திபோ குறித்திருக்கிறான்: இருபத்தாறு நிமிடம்.

பிறகு அது வந்தது.
விஷ்க். விஷ்க்.
ஈரத் துடைப்பத்தால் நடைபாதையைத்
தேய்ப்பதுபோல ஒரு சத்தம்.
அழகென்று சொல்ல மாட்டேன்.
போதும் என்று யாரும் குச்சியை எடுக்கவில்லை.

எண்ணினேன். ஓர் ஊசி குறைந்தது.
மூன்று பேர் தரையில் மண்டியிட்டுத் தேடினோம்.
ஓபெர்லேயின் செருப்படியில் ஒட்டிக்கிடந்தது,
கண்ணிமை முடி அளவுக்கு.

வெட்டிய ஓரம் சுத்தமா என்று சொல்லப்
பத்து நாளாகும். இனி ஆயுளுக்கும் இன்சுலின்.
ஆயுள் எவ்வளவு என்று
ஒடீல் கேட்டபோது ஓபெர்லே
பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

டிராமில் ஓட்டுநருக்குப் பின் இருக்கை கிடைத்தது.
ஓட்டுநர் ஒரு சின்னப் பையன், பிரேக் கொஞ்சம் முரடு.
மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டிருந்தேன்.
என்னுடையதுதான்.
இருந்தாலும் எண்ணினேன்.